கத்தி படாத கறிகள்

போன கிழமை பொதுநோக்கு மண்டபத்தில் அந்த டொக்டர் பிள்ளை கேட்டதற்கு நான் வாயே திறக்கவில்லை என்று நீங்கள் எல்லாரும் சேர்ந்து என்னைப் பேசினீர்கள். மற்ற நாளில் வாய் மூடாத மனுசி அன்றைக்கு ஏன் ஊமையாகிப் போனாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். மழையும் விடுகிற மாதிரி இல்லை, புதுக்குடியிருப்புச் சந்தைப் பக்கம் போகவும் வழியில்லை. இருந்து கேளுங்கள்.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்லக்கூடாது. மாரியில் வயது போனவர்களுக்கு மனம் சோர்ந்துபோகும், வெயில் எறிக்கிற நேரம் வெளியில் வாருங்கள், தனிய இருக்காதீர்கள், ஆரோடாவது கதையுங்கள் என்று பொறுமையாகத்தான் சொன்னது. நாங்களும் தலையாட்டிக்கொண்டு தேத்தண்ணி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகுதான், "உங்கட வாழ்க்கையில வெற்றி எண்டு எதைச் சொல்லுவீங்கள் அம்மா?" என்று ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கியது. உங்களில் ஒருத்தி மகன் கனடாவில் என்றாள். ஒருவர் கல்வீடு கட்டியதைச் சொன்னார். என்னிடம் வந்தபோது என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது ஒரு பூசணிக்காய். அதை அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? கிழவிக்கு மூளை கலங்கிப்போச்சு என்று நினைத்திருக்கும்.

முரசுமோட்டையில் எனக்குப் பத்து வயது நடந்த மாரி அது. ஐயாவுக்கு, என் தகப்பனாரைச் சொல்கிறேன், கைராசிக்காரர் என்று பெயர். மாரி மழையை நம்பி விதைக்கிற காலபோக நெல்லுக்கு நாள் பார்த்தவுடன் எங்கள் படலையில் ஆள் வந்து நிற்கும். ஐயா விடிய முழுகி, திருநீறு பூசி, வயலில் கிழக்குப் பார்த்து நின்று முதல் பிடி நெல்லை வீசுவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் விதைநெல் கடகத்தில் கை வைப்பார்கள். ஒருமுறை உடையார்கட்டிலிருந்துகூட அவரை ஏற்றிப்போக மாட்டுவண்டி வந்தது. அன்றைக்கு அம்மா எனக்குப் புதுச்சட்டை போட்டுவிட்டு என்னையும் ஏற்றிவிட்டார்.

எங்களுக்கென்று இருந்தது கொஞ்சக் காணி, மண்சுவர் வீடு, இரண்டு மாடு. ஐயாவுக்குப் படிப்பும் இல்லை. ஊரில் அவருக்கிருந்த மரியாதை எல்லாம் அந்த வலது கைதான். கலியாண வீட்டில் முன்வரிசைக் கதிரை கிடைத்ததும் அந்தக் கையால்தான். நான் பள்ளிக்கூடம் போகமுன் அந்தக் கையால்தான் என் நெற்றியில் திருநீறு இழுத்துவிடுவார். சோதினை நாளில் பக்கத்து வளவு மாமியின் பிள்ளைகளும் வந்து வரிசையில் நிற்பார்கள். மாமி என்றால் ஐயாவின் அக்கா.

அந்த வருசம் கார்த்திகையில் பிடித்த மழை விடவேயில்லை. குளம் முட்டிவிட்டது. கதவுகளைத் திறக்காவிட்டால் கட்டு உடையும் என்று திறந்தார்கள், வேறு வழியும் இல்லை. முழங்கால் உயரம் நின்ற பயிர் எல்லாம் தண்ணீருக்குக் கீழே போய், கிடந்து அழுகியது. வெள்ளம் வடிந்தபோது வந்த மணம் இருக்கிறதே, அதை நான் பிறகு எத்தனையோ இடத்தில் எத்தனையோ பொல்லாத மணங்களோடு சேர்த்து மணந்திருக்கிறேன். ஆனால் அந்த மணம் வந்தால் எனக்கு முதலில் ஐயாவின் முகம்தான் வரும். அவர் முதல் பிடி போட்ட வயல் ஒன்றும் தப்பவில்லை. மேட்டுக்காணிக்காரரின் பயிர் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. அவர்கள் ஐயாவைக் கூப்பிடாதவர்கள். அவர்களுக்கு வேறு கைராசிக்காரர்.

ஒருவரும் ஐயாவை ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் பொல்லாத வேலை. வந்து ஏசியிருந்தால் அவரும் திருப்பி ஏசியிருப்பார். குளத்தடிக் கமக்காரர் என்று ஒருவர், ஐயாவின் பெரிய கூட்டாளி, பின்னேரத்தில் வந்து வெற்றிலை போட்டுக் கதைத்துவிட்டுப் போகிறவர். அவர் எங்கள் படலையைக் கடக்கும்போது சைக்கிள் சில்லைப் பார்த்துக்கொண்டு கடந்தார். ஐயா விறாந்தையில் கதிரையில் இருந்தபடி அதைப் பார்த்தார். நான் ஐயாவைப் பார்த்தேன்.

அடுத்த நாள் காலை நெற்றியைக் காட்டிக்கொண்டு போய் நின்றேன்.

"நீயே பூசு பிள்ளை," என்றார்.

"ஏன் ஐயா?"

"நீயே பூசு எண்டு சொல்லுறன்."

கையைப் பின்னுக்கு மறைத்துக்கொண்டார். அன்று மத்தியானம் சோற்றைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டார். எங்கள் வீட்டில் கரண்டியால் சோறு சாப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். மாட்டுக்கு வைக்கோல் போடச் சொன்னால் காலால் தள்ளிவிட்டார். தன் கை பட்டது எல்லாம் பட்டுப்போகும் என்று அவர் நம்பிவிட்டார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. என்னில்தான் ஏதோ கோபம் என்று நினைத்து அழுதேன்.

நாட்கணக்கில் சூரியனைக் காணவில்லை. விறகு ஈரம், குசினி முழுக்கப் புகை, கொடியில் போட்ட உடுப்பெல்லாம் புளித்த மணம். ஐயா மூலைக் கதிரையில் இருந்தவர் இருந்தபடி. மாமிக்குப் பொறுக்கவில்லை. தம்பியில் அவருக்கு உயிர்.

"ஆரோ தம்பியின்ர கையில கண் போட்டிட்டினம் மச்சாள். பார்வை பாக்கிறவரைக் கூட்டிக்கொண்டு வாறன்," என்றார் அம்மாவிடம்.

வந்தவர் ஐயாவின் கையைப் பிடித்துப் பார்த்து, வேப்பிலையால் தடவி, குத்தம் இருக்கு என்றார். தை பிறக்கும்வரை அந்தக் கையால் ஒரு வேலையும் செய்யக்கூடாது என்று சொல்லி, மஞ்சள் துணியால் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை சுற்றிக் கட்டிவிட்டார். தான் நினைத்தது சரி என்று ஆரோ வந்து சொன்ன மாதிரி ஐயாவின் தலை மெதுவாக ஆடியது.

இப்போது யோசித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கையில் ஒரு குத்தமும் இல்லாத மனுசனுக்குக் கையைக் கட்டிவிட்டு ஊர் முழுக்கப் பார்க்கவைத்தோம். அவ்வளவும் அன்பால் செய்தது! அந்தத் துணி ஒருநாளும் காயவில்லை. அம்மா அவருக்குச் சோறு தீத்திவிட்டார். வளர்ந்த ஆம்பிளை, பிள்ளைகளுக்கு முன்னால் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, மாட்டுக்கு வைக்கோல் எடுக்கப் பின்வளவுக் கொட்டிலுக்குப் போனேன். ஐயா விறகு கொத்துகிற குற்றிக்கு முன்னால் குந்தியிருந்தார். மஞ்சள் துணி சுற்றிய கை குற்றியின் மேல் கிடந்தது. இடது கையில் பெரிய கத்தி.

என்னைக் கண்டதும் அவர் குரலை மாற்றவேயில்லை. "குடிக்கத் தண்ணி கொண்டு வா பிள்ளை," என்றார்.

நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சொன்ன சொல் தட்டாத பிள்ளை நான். நேரே போய் அந்தக் குற்றியில் ஏறி இருந்துவிட்டேன். அவருடைய கை என் சட்டைக்குக் கீழே நசிந்தது.

"ஐயா, எனக்குப் பசிக்குது," என்றேன் கடைசியில்.

மழை கொட்டிலில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கத்தியை நிலத்தில் வைத்தார். நான் அதைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடினேன்.

அம்மா கத்தவில்லை, ஐயாவிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை. நான் சொல்லி முடிக்கும்வரை அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டிலிருந்த கூரான சாமான் எல்லாவற்றையும் பொறுக்கினார். கத்தி, கோடரி, அரிவாள், மண்வெட்டி, தேங்காய் துருவுகிற திருவலை. எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் மாமி வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கத்தி படாத கறிகள்தான். கத்தரிக்காயை முழுதாக அடுப்பில் சுட்டுப் பிசைவார். முருங்கையிலை உருவுவோம். கீரையைக் கையால் கிள்ளுவோம். கருவாட்டைப் பிய்த்துப் போடுவார். வெங்காயத்தை அம்மியில் வைத்துத் தட்டுவார். தேங்காயைக் கல்லில் அடித்து உடைத்து, உள்ளே இருக்கிற பருப்பைப் பல்லால் கடித்துத் துண்டாக்கி அரைத்ததும் உண்டு. சிரிக்காதீர்கள், அன்றைக்கு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐயா கதிரையை விட்டு எழும்பினால் அம்மா கண்ணால் என்னைத் தேடுவார். நான் எழும்பி அவருக்குப் பின்னால் போவேன். கிணற்றடிக்குப் போனால் கிணற்றடிக்கு, வேலியடிக்குப் போனால் வேலியடிக்கு. நான் பள்ளிக்கூடம் போவதையும் அதற்காக மறித்துவிட்டார்கள். ஐயா திரும்பிப் பார்த்து ஏன் வாறாய் என்று ஒருமுறையாவது கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கேட்கவில்லை.

ஒரு பின்னேரம் அவர் வெற்றிலைத் தட்டத்தைக் கிட்ட இழுத்தார். இடது கையால் துழாவினார். பாக்கு இருந்தது, சுண்ணாம்பு இருந்தது, பாக்குவெட்டி இல்லை. அம்மா அதையும் விட்டுவைக்கவில்லை. ஐயா தட்டத்தைப் பார்த்தார், குசினியைப் பார்த்தார், பிறகு தட்டத்தை மெல்லத் தள்ளி வைத்தார். அதற்குப் பிறகு வெற்றிலை கேட்கவேயில்லை. நாங்கள் தன்னில் பயப்படுகிறோம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மார்கழி நடுவில் ஒருநாள் விடிய வெயில் எறித்தது. அம்மா பாய், தலையணை எல்லாவற்றையும் வெளியில் தூக்கிப்போட்டார். நானும் ஈரச் சாக்குகளைக் காயவிடுவோம் என்று மாட்டுக்கொட்டில் கூரையில் தொற்றி ஏறினேன். இலைகளுக்குள் ஏதோ காலில் தட்டியது. விலக்கிப் பார்த்தால் என்னால் கட்டிப்பிடிக்க முடியாத பூசணிக்காய் ஒன்று! ஆவணியில் கொட்டில் மூலையில் ஐயா விதை போட்ட கொடி. அது கூரைக்கு ஏறியதை வெள்ளத்து அமளியில் ஒருவரும் கவனிக்கவில்லை.

குசினியில் அன்றைக்குச் சமைக்க ஒன்றும் இல்லை. அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பல நாளுக்குப் பிறகு கண்டேன். நான் வழக்கப்படி கேட்டேன்:

"கல்லில போட்டு உடைப்பமே அம்மா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு நாளாக நாங்கள் வாழ்ந்துகொண்டிருந்த வாழ்க்கையை என் வாயால் கேட்டது அவருக்கு எங்கேயோ போய்ச் சுட்டிருக்கவேண்டும்.

"சமைக்கிற பூசணிக்காயைக் கல்லில உடைக்கிறதோ? செத்த வீடே இது? வெட்டுறதுக்கு உன்ர ஐயா இருக்கிறார்," என்றார்.

வேலிப் பொட்டுக்குள்ளால் போனவர் பெரிய கத்தியோடு திரும்பி வந்தார். மாமி பின்னால் ஓடிவந்தார்.

"மச்சாள், உமக்கென்ன விசரோ? நில்லும்!"

அம்மா நிற்கவில்லை. விறாந்தையில் ஐயாவின் காலடியில் பூசணிக்காயை உருட்டிவிட்டு, கத்தியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

"இஞ்சாருங்கோ, கையைத் தாங்கோ."

"வேண்டாம்."

"தாங்கோ எண்டு சொல்லுறன்."

அம்மாவே கையைப் பிடித்திழுத்து முடிச்சை அவிழ்த்தார். துணி உரிந்து வந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கை வெளிறி, ஊறிச் சுருங்கிக் கிடந்தது. அம்மா அதைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துச் சூடாக்கினார். பிறகு கத்தியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். மாமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதை வெட்டித் தாங்கோ. பிள்ளை பசியோட நிக்குது."

"என்ர கையால வேண்டாம்."

"இந்தக் கொடியை ஆர் நட்டது?"

ஐயா கொட்டில் கூரைப் பக்கம் பார்த்தார்.

"எந்தக் கையால நட்டனீங்கள்?"

மாமிக்குத் திடீரென்று முகம் வெளித்தது. "பாத்தியே தம்பி! உன்ர கைராசி எங்கையும் போகேல்லை! இந்த வெள்ளத்துக்கையும் காய்ச்சிருக்கு பார்!"

ஐயாவுக்கு வந்த கோபத்தை நான் அந்த மாரியில் முதல்முறை கண்டேன். "என்ன கைராசி? விசர்க் கதை கதையாதையுங்கோ அக்கா! கூரையில ஏறினபடியால தப்பினது. கீழ கிடந்திருந்தா இதுவும் அழுகித்தான் இருக்கும்!"

அம்மா மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நெல்லு?"

ஐயா வேலிக்கு அப்பால் வெயிலில் மின்னிக்கொண்டிருந்த சேற்றைப் பார்த்தார். ஊரில் அவரைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் அவரைச் சுற்றியிருந்த பள்ளக்காணிக்காரர். மேட்டில் இருந்தவர்கள் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். தண்ணீர் பள்ளத்துக்குத்தான் போகும். ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விசயம், ஆனால் அவ்வளவு நாளும் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

"நெல்லு பள்ளத்தில நிண்டது," என்றார் ஐயா.

சொல்லிவிட்டு அழுதார். கத்தி கையில் இருக்க அழுதார். அம்மா கத்தியைப் பறிக்கவில்லை, எழும்பிப் போகவும் இல்லை. அவருடைய முழங்காலில் கை வைத்தபடி இருந்தார். அழுகை ஓய்ந்தபிறகு ஐயா பூசணிக்காயைக் காலிடுக்கில் நிறுத்தி, கத்தியை ஓங்கிப் போட்டார். உள்ளே நல்ல மஞ்சள். வெட்டினார், வெட்டினார், ஒரே அளவாக வெட்டிக்கொண்டே போனார். "காணும், காணும், ஊருக்கே சமைக்கப்போறனே?" என்று அம்மா சொல்லித்தான் நிற்பாட்டினார். பாதியை மாமி சட்டியில் அள்ளிக்கொண்டு போனார், மூக்கைச் சீறிச் சீறி.

அடுத்த நாளே எல்லாம் சரிவந்தது என்று நினைக்காதீர்கள். பிறகும் சில காலைகளில் அவர் அந்தக் கதிரையிலேயே இருந்தார். அம்மா தினமும் வெட்டுகிற வேலை ஏதாவது கொண்டுபோய் முன்னால் வைப்பார், தானும் பக்கத்தில் இருப்பார். மாமி வீட்டிலிருந்து சாமான்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பாக்குவெட்டிதான் கடைசியாக வந்தது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அதை எங்கேயோ தவறவிட்டோம். இன்றைக்கும் கடைகளில் பாக்குவெட்டியைக் கண்டால் கையில் எடுத்துப் பார்ப்பேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதைக் கேட்டுவிட்டு, வீட்டில் மனம் சோர்ந்து இருக்கிற ஆளின் கையில் ஆரும் கத்தியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள்! அம்மாவுக்குத் தன் மனுசனைத் தெரியும், அப்படியிருந்தும் அன்றிரவு பயத்தில் அம்மாவுக்கே காய்ச்சல் வந்தது. அந்த நாளில் கேட்க எங்களுக்கு ஆளில்லை. இப்போது ஆஸ்பத்திரியில் அந்த டொக்டர் பிள்ளை இருக்கிறது. கூட்டிக்கொண்டு போங்கள், வெட்கப்படாதீர்கள்.

அடுத்த விதைப்புக்குக் குளத்தடிக் கமக்காரர் வெற்றிலையோடு படலையில் வந்து நின்றார். "பழசை விடு. முதல் பிடி நீதான் போடவேணும்," என்றார்.

"வாறன். மண்வெட்டியோட வாறன். முதல் வெள்ளவாய்க்காலைத் தோண்டுவம். பிடியை ஆரும் போடுங்கோ," என்றார் ஐயா.

கமக்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. வாய்க்கால் வெட்ட ஆள் கிடைக்கும், கைராசிக்கு எங்கே போவது? அவர் வேறு ஆளைப் பிடித்தார். பிறகு கலியாண வீடுகளில் ஐயாவின் கதிரை பின்னுக்குப் போனது. அதற்காக மாமி இருந்து அழுதார். ஐயாவோ, பின்னுக்கு இருந்தால் எழும்பிப் போக லேசு என்று சொன்னார்.

திருநீற்றை மறந்துவிட்டேன் என்று பார்க்கிறீர்கள். மறக்கவில்லை. நான் திரும்பப் பள்ளிக்கூடம் போகத் தொடங்க, வெள்ளத்தால் பின்னுக்குப் போன சோதினையை அந்த மார்கழிக்கு அடுத்த தையிலேயே வைத்தார்கள். கணக்குச் சோதினை அன்று காலை நான் திருநீற்றுக் குடுவையில் கை வைக்கப்போனேன். ஐயா, "இஞ்ச வா," என்றார். என் நெற்றியில் மூன்று விரலையும் இழுத்துவிட்டார். "ராசிக்கில்லை. சும்மா, என்ர பிள்ளைக்கு," என்றார்.

நான் கணக்கில் பெயில் விட்டேன்.

வாத்தியார் வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் புள்ளியை வாசித்தபோது எனக்கு என் மானம் பெரிதாகத் தெரியவில்லை. ஐயாவின் கைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவ்வளவு பாடுபட்டு நீட்டிய கை. இதைக் கேட்டால் திரும்பவும் அந்தக் கதிரைக்குப் போய்விடுவார், திரும்பவும் சாக்கு, திரும்பவும் மாமி வீடு. பொய் சொல்லலாம் என்றால் மாமியின் மகளும் அதே வகுப்பு, எனக்கு முன்னமே வீட்டுக்கு ஓடிவிட்டாள். படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐயா முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை அங்க நிக்கிறாய்?"

"கணக்கு பெயில் ஐயா."

குசினி வாசலில் அம்மா அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டார். ஐயா என் நெற்றியைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். நான் அழுவதற்குத் தயாராக நின்றேன்.

"வாய்ப்பாடு பாடமாக்கினனியோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"பின்னை?" என்றார். "பின்னை எப்பிடியடி பாஸ் பண்ணுறது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஆர் சிரிக்கிறது என்று கேட்டார். அம்மா குசினிக்குள் போய்ச் சேலைத் தலைப்பை முகத்தில் அழுத்திக்கொண்டு நின்றதை நான் கண்டேன். அன்று பின்னேரம் ஐயா என்னைப் பக்கத்தில் இருத்தி ஏழாம் வாய்ப்பாடு சொல்லித்தந்தார், பாதி பிழை.

அந்த டொக்டர் பிள்ளை மறுபடி வரட்டும். இந்தமுறை வாய் மூடி இருக்கமாட்டேன். என் வாழ்க்கையில் வெற்றி என்றால், பிள்ளை, நான் கணக்கில் பெயில் விட்ட நாள் என்று சொல்லத்தான் போகிறேன். நீங்கள் ஒருவரும் அங்கே சிரித்துவிடாதீர்கள்.